கிளாவெலுக்கு வைத்த காவல்

ஆர்ஹேலியோவின் வீட்டு முன்னறையில் இரவானால் இரண்டு எருதுகள் படுத்துக்கொள்ளும். சோபா கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டது. மின்சாரம் எட்டிப் பார்க்காத வீட்டில் தொலைக்காட்சி எதற்கு என்று அதையும் துணி போர்த்திப் படுக்கையறை மூலையில் வைத்துவிட்டார்கள். கல்யாணப் படத்தை மட்டும் சுவரைவிட்டு எடுக்க அவன் மனைவி எனெய்தா சம்மதிக்கவில்லை. அதற்கு நேர் கீழேதான் மூத்த எருது கிளாவெல் படுக்கும்.

"நம்ம கல்யாணத்தைப் பார்த்துக்கிட்டே சாணி போடுதுய்யா உன் மூத்த புள்ள" என்பாள் எனெய்தா.

"போடட்டும். போடுற வரைக்கும் உசுரோட இருக்குன்னு அர்த்தம்" என்பான் அவன்.

சும்மா சொன்னதில்லை. அது தொண்ணூற்று மூன்றாம் வருடம். சோவியத் கப்பல் வருவது நின்று, டீசல் நின்று, உர மூட்டை நின்று, கடைசியில் ரேஷன் கடை வாசலில் வரிசை மட்டும் மிச்சம் இருந்தது. கியூபா அரசாங்கம் அதற்குச் 'சிறப்புக் காலம்' என்று பெயர் வைத்திருந்தது. பெயர் வைப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சான் ஹசிந்தோ வட்டாரத்தில் மேயப் போன மாடு வீடு திரும்பினால் அதிசயம் என்றாகிவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் புல்லில் தலையும் தோலும் கிடக்கும். மற்றதெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுச் சட்டியில் இருக்கும். அனுமதி இல்லாமல் மாட்டை அறுத்தால் வருடக்கணக்கில் ஜெயில். செத்த மாட்டுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவன் அதை வளர்த்தவன்.

"மனுஷனை வெட்டினா ஏன்டா வெட்டினேன்னாவது கேப்பாங்க. மாட்டை வெட்டினா அதுகூடக் கேக்க மாட்டாங்க" என்று பக்கத்து வீட்டு ஃபெர்மின் சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு ஆர்ஹேலியோவுக்குப் பிடிக்காது. வாய்தான் சிரிக்கிறது, கண் கிளாவெலின் தொடையை அளக்கிறது என்று எனெய்தாவிடம் வந்து சொல்வான்.

சட்டத்தில் ஒரே ஒரு சந்து இருந்தது. ரயில் அடித்துச் செத்தால் அது விபத்து; விபத்துக்கு யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. போலீஸ் வந்து சேர்வதற்குள் பாதிக் கறி காணாமல் போயிருக்கும். இதை யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்த பிறகு, தண்டவாளத்து ஓரப் புல்லுக்கு நாட்டில் எங்கும் இல்லாத ருசி வந்துவிட்டது. ஆளாளுக்கு மாட்டைக் கொண்டுபோய் அங்கேதான் கட்டினார்கள். போலீஸும் முட்டாள் இல்லை.

ஆர்ஹேலியோ முன்பு டிராக்டர் ஓட்டியவன். கூட்டுறவுப் பண்ணையின் டிராக்டர் இப்போது கொட்டகையில் நின்றது. அதன் இருக்கையில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. எருது பூட்டி உழுகிறவனைப் பார்த்து, எந்தக் காலத்தில் இருக்கிறாய் என்று கேலி செய்த அதிகாரிதான் ஒரு நாள் சைக்கிளில் வந்து இறங்கி, எருதுதான் எதிர்காலம் என்று பேசிவிட்டுப் போனார். அதே வாய், அதே தொப்பி. பிறகு ஒரு பூச்சியியல் அம்மாள் வந்தாள். வாழைத்தண்டைத் துண்டு போட்டு, கரும்புப் பாகு தடவி, சருகில் சுற்றி எறும்புப் புற்றருகே வைக்கச் சொன்னாள். எறும்பு குடியேறியதும் தண்டோடு தூக்கி சர்க்கரைவள்ளிக் கிழங்கு வயலில் வைத்தால், கிழங்கைத் துளைக்கும் வண்டை எறும்பு பார்த்துக்கொள்ளுமாம்.

"எறும்புக்குப் பாகு, எங்களுக்குப் பட்டாணி வறுத்த காப்பி. நல்ல நியாயம்!" என்று ஆர்ஹேலியோ கூட்டத்தில் கேட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். பண்ணைத் தலைவி தொமாசா சிரிக்கவில்லை.

"எறும்பு கூட்டத்துக்கு வந்து எதிர்க் கேள்வி கேக்காது, ஆர்ஹேலியோ. அதுக்குத்தான் பாகு" என்றாள்.

ஆனால் எறும்பு வேலை செய்தது. அந்தப் போகத்தில் கிழங்கு துளையில்லாமல் வந்தது. அதையும் அவன் நம்பவில்லை. இந்த வருடம் வண்டுக்கே பசியில்லை போல என்றான். எதையும் முதலில் நம்பாமல் இருப்பது அவன் சுபாவம். அந்தக் காலத்தில் அந்தச் சுபாவத்துக்குத் தீனியும் ஏராளமாகக் கிடைத்தது.

எருதுகளை மட்டும் நம்பினான். முரட்டுக் கன்றுகளாக வந்தவற்றை அவனே பழக்கினான். கொம்போடு கட்டும் நுகத்தில் கிளாவெல் வலப்பக்கம், மரினேரோ இடப்பக்கம். மாற்றிக் கட்டினால் இரண்டும் நகராது. பெயர் சொன்னால் போதும், தார்க்குச்சி வேண்டாம். டிராக்டரை இத்தனை வருடம் ஓட்டினான். ஒரு தடவைகூட அது அவனைத் திரும்பிப் பார்த்ததில்லை. கிளாவெல் பார்த்தது. அதற்காகவே அதன்மேல் உயிராக இருந்தான். அதை யாரும் கறியாகப் பார்த்துவிடக் கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தான். உழவு முடிந்தால் நேரே வீடு. கூட்டம், டொமினோ, தேவாலயம், எதற்கும் போவதில்லை.

இப்படியிருக்கையில்தான் எனெய்தாவின் தம்பி ஒஸ்மானி ஹவானாவிலிருந்து வந்தான்.

சைக்கிளை மிதித்தே வந்திருந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான். அக்காவுக்கு அரைக்கட்டி சோப்பு கொண்டுவந்திருந்தான். எனெய்தா அதை முகர்ந்து பார்த்துவிட்டு அழுதாள். ஆர்ஹேலியோ சோப்பைப் பார்க்கவில்லை. சைக்கிளின் பின்னால் மடித்துக் கட்டியிருந்த சாக்குகளைப் பார்த்தான். கெட்டிச் சாக்குகள், நான்கைந்து. அவற்றுக்குள் துணி சுற்றி ஏதோ நீளமாக இருந்தது.

"சாக்கு எதுக்கு மாப்பிள?"

"சும்மா அத்தான். வழியில எதுவும் கிடைச்சா போட்டுக்கலாம்னு."

"அந்தத் துணிக்குள்ள?"

"கத்தி. லிஃப்ட் கதவுத் தகட்டுல நானே அடிச்சது. மழுங்கவே மழுங்காது."

ஒஸ்மானி லிஃப்ட் மெக்கானிக். மின்சாரமில்லாத ஊரில் லிஃப்ட் மெக்கானிக்குக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தரையைப் பார்ப்பான் என்று தெரியும்.

அன்று சாப்பாட்டுக்கு அவித்த கிழங்கும் கொஞ்சம் கறுப்பு பீன்ஸும் இருந்தன. ஒஸ்மானி தட்டை வழித்துவிட்டு, முன்னறையில் அசைபோட்டுக்கொண்டிருந்த எருதுகளை எட்டிப் பார்த்தான்.

"பெரிசு அத்தான் இது. எவ்வளவு எடை இருக்கும்?"

"தெரியாது."

"ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும்?"

"கிடைக்கிறதைத் தின்னும். நம்மளை மாதிரி."

"ஆள் பக்கத்துல போனா மிரளுமா? பின்பக்கமாப் போனா உதைக்குமா?"

ஆர்ஹேலியோ தட்டைக் கீழே வைத்தான். "ஏன், பின்பக்கம் உனக்கு என்ன ஜோலி?" என்றான்.

"சும்மாதான் கேட்டேன்" என்று ஒஸ்மானி எழுந்து கைகழுவப் போனான்.

"பட்டணத்துப் பையன், மாட்டைக் கிட்டத்துல பார்த்ததில்ல. அதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறியே" என்றாள் எனெய்தா.

அவனுக்கு அதற்கு மேல் தூக்கம் வருமா? விடிந்தும் விடியாமலும் முன்னறைக் கதவைத் திறந்தான். கிளாவெலின் பின்னால் ஒஸ்மானி குந்தியிருந்தான். பக்கத்தில் ஒரு சாக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றது. கையில் அந்தக் கத்தி.

"என்ன பண்றே?"

ஒஸ்மானி துள்ளி எழுந்தான். கத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். "ஒண்ணுமில்ல அத்தான். முழிப்பு வந்துருச்சு. சும்மா... தடவிக் குடுக்கலாம்னு."

"கத்தியாலயா?"

ஒஸ்மானி சாக்கை மடித்துக்கொண்டு நழுவிவிட்டான். கிளாவெல் எதுவும் நடக்காத மாதிரி அசைபோட்டது. ஆர்ஹேலியோ அதன் கழுத்து, வயிறு, கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தான். பிறகுதான் உட்கார்ந்தான். எனெய்தாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டாள், நம்பினால் அதைவிட மோசம். தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்.

அதற்குப் பிறகு அவன் ஒஸ்மானியை விட்டு நகரவில்லை. வியாழக்கிழமைக் கூட்டத்துக்குத் தொமாசா ஆளனுப்பியும் போகவில்லை. சனிக்கிழமை காலை சமையலறை ஜன்னலோரம் நின்றபோது ஒஸ்மானி அக்காவிடம் பேசுவது காதில் விழுந்தது.

"இன்னிக்குச் சாயங்காலம் கிளம்புறேன்க்கா. ஆனா இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட போக மாட்டேன். அத்தானுக்கு மட்டும் இப்பத் தெரிய வேணாம்."

போதுமே. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன சாட்சி வேண்டும்?

உழவுக்கு என்று சொல்லி எருதுகளை ஓட்டிக்கொண்டு புறப்பட்டான். வயலுக்குப் போகவில்லை. முள்ளுப் புதர்களைச் சுற்றிக்கொண்டு சர்க்கரை ஆலையின் ரயில் பாதையைத் தாண்டினான். அறுவடை பாதியில் படுத்ததிலிருந்து அந்தப் பாதையில் ரயில் ஓடவில்லை. தண்டவாளம் துருப்பிடித்துக் கிடந்தது. முழங்கால் உயரம் புல் வளர்ந்திருந்தது. பக்கத்துக் குடியிருப்புப் பெண்கள் அதில் துணி காயப் போடுவார்கள். புதருக்கு அந்தப் பக்கம் கட்டினால் ஊரிலிருந்து யார் கண்ணுக்கும் படாது. மரினேரோவை ஒரு கொய்யா மரத்தில் கட்டினான். கிளாவெல் நிறையத் தின்னும், நகர்ந்து நகர்ந்து தின்னும். அதனால் அதற்கு நீளக் கயிறு. யார் கேட்டாலும் போகாதே என்று அதன் காதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

திருடனைக் கண்ணெதிரில் வைத்திருப்பதுதான் நல்ல காவல் என்று தோன்றியது. டொமினோப் பெட்டியை எடுத்து ஒஸ்மானியின் முன்னால் கொட்டினான். "உக்காரு மாப்பிள. போறதுக்கு முன்ன ரெண்டு ஆட்டம்."

ஒஸ்மானி உட்கார்ந்தான். மனசு ஆட்டத்தில் இல்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாடு எங்க அத்தான்?"

"மேயுது."

"எந்தப் பக்கம்?"

"ஏன்? போய்ப் பேசப் போறியா?"

"இல்ல... இருட்டுறதுக்குள்ள கிளம்பணும். அதான்."

"மாட்டுக்கும் நீ கிளம்புறதுக்கும் என்ன சம்பந்தம்?"

ஒஸ்மானி உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு காயை வைத்தான். தப்பான காய். ஆர்ஹேலியோவுக்குள் ஒரு திருப்தி. மாட்டிக்கொண்டாயா, இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே கிட என்று நினைத்துக்கொண்டே தன் காயை எடுத்தான்.

அப்போதுதான் ரயில் ஊதியது.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. எனெய்தா வாசலுக்கு ஓடி வந்து, "ரயிலாய்யா அது?" என்றாள். இரண்டாவது முறை நீளமாக, விடாமல் ஊதியது. அப்புறம் இரும்போடு இரும்பு தேய்கிற கீச்சல். காய் அவன் கையிலிருந்து விழுந்தது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினான்.

புதரைப் பிளந்துகொண்டு போய்ப் பார்த்தபோது ரயில் நின்றிருந்தது. எஞ்சினுக்குப் பின்னால் ஐந்தாறு பெட்டிகள். எல்லாவற்றிலும் கறுப்பாக, ஆவி பறக்க, புளித்த வாடையோடு சேறு. கரும்புச் சாறு வடித்து மிஞ்சிய ஆலைக் கசடு, மண்ணுக்கு உரம். மாதக்கணக்காக ஆலைக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, எங்கிருந்தோ டீசல் பிடித்து, அதைக் கொண்டுவந்தவள் தொமாசா. எஞ்சின் படியில் நின்று வந்தவள் இப்போது கீழே இறங்கித் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

கிளாவெல் சரிவில் கிடந்தது. கயிறு அப்படியே அறுபடாமல் இருந்தது. அந்தப் பக்கம் மரினேரோ தன் கயிறு எட்டிய மட்டும் வந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. ஆர்ஹேலியோ உட்கார்ந்து கிளாவெலின் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு அழுதான். பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதான். அது திரும்பிப் பார்க்கவில்லை.

ஊர் வருவதற்கு எவ்வளவு நேரமாகும்? சட்டி, வாளி, கத்தி, கோடரி எல்லாம் வந்தன. ஓடி வந்த ஃபெர்மின் ஆர்ஹேலியோவின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"பலே ஆளுய்யா நீ! வீட்டுக்குள்ள படுக்கவெச்சு, தாலாட்டுப் பாடாத குறையா வளர்த்து... நாங்க உன்னை அப்பாவின்னுல்ல நினைச்சோம்!"

"நான் பண்ணல."

"ஆமா ஆமா, ரயில்தான் பண்ணுச்சு. அழுகையை நிறுத்தாதே, போலீஸ் வர்ற வரைக்கும் வேணும்."

தொமாசா எல்லோரையும் விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். அவள் குரலில் இருந்தது அழுகையா கோபமா தெரியவில்லை. "வியாழக்கிழமைக் கூட்டத்துல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. சனிக்கிழமை ரயில் வருது, பாதையில எதையும் கட்டாதீங்கன்னு."

"நான் வரல தொமாசா."

"வரலைன்னாலும் ஊரே பேசிச்சு. உனக்கு மட்டும் தெரியாதா? சரி, இங்க எதுக்குக் கட்டினே?"

வாயைத் திறந்தான். கூட்டத்துக்குப் பின்னால் எனெய்தா நின்றாள்; அவளுக்குப் பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒஸ்மானி. வாயை மூடிக்கொண்டான்.

ஒஸ்மானிதான் மெல்ல அருகில் வந்து குந்தினான். கண்கள் கலங்கியிருந்தன. "அத்தான், இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? நான் லிஃப்ட் வேலையில இல்ல. எங்க தெருவுல ஒரு கட்டடம் இடிஞ்சு விழுந்துச்சே, அந்த இடத்துல பாத்தி கட்டிக் கீரையும் லெட்யூஸும் போடுறோம். நான்தான் பாத்துக்கறேன். மண்ணே இல்ல அத்தான், வெறும் செங்கல் தூளு. சாணி வேணும். உங்க சாணி தொமாசாவோட மண்புழு உரக் குழிக்குன்னு அக்கா சொன்னா. கேக்க வெக்கமாயிருந்துச்சு. அதான் காலையில சாக்கோட, சுரண்டியெடுக்கக் கத்தியோட, இவரு பின்னாலயே சுத்தினேன். நல்ல சாணி அத்தான் இவரோடது."

இவர் என்றான் எருதை. ஆர்ஹேலியோவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

சார்ஜென்ட் கிந்தானா நகரத்திலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு கயிற்றைத் தூக்கிப் பார்த்தார். மரத்திலிருந்து தண்டவாளம் வரை நடந்து பார்த்தார். திரும்பி வந்தார்.

"ஏன் தோழர், இங்க கட்டினீங்க?"

"புல்லு நல்லாயிருந்துச்சு."

"நாட்டுல ரயிலோரப் புல்லு மட்டும்தான் நல்லா வளருது போல. இந்த வருஷம் எல்லாரும் இதையேதான் சொல்றாங்க." அவர் பார்வை சுற்றி வந்து சைக்கிளில் கட்டியிருந்த சாக்குகளில் நின்றது. "இவரு யாரு?"

"என் தம்பி" என்றாள் எனெய்தா.

"ஹவானாவா? காலிச் சாக்கு, நீளக் கத்தி... பொருத்தமான நாள் பாத்து விருந்துக்கு வந்திருக்காரே."

ஒஸ்மானியின் முகம் வெளுத்தது. சாணி என்று அவன் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆர்ஹேலியோவே நம்பவில்லையே, கண்ணால் பார்த்தும். இப்போது உண்மையைச் சொன்னால் ஆர்ஹேலியோ தப்பிக்கலாம். மச்சான் திருட வந்தான், பயந்து ஒளித்துவைத்தேன் என்றால் போதும். ஒஸ்மானி உள்ளே போவான். சொல்லாவிட்டால் ஆர்ஹேலியோவே போக வேண்டும்.

"அவனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றான்.

"அதை ஸ்டேஷன்ல பேசிக்கலாம். கறி முழுசா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகணும். யாரும் கை வெக்கக் கூடாது. லாரி இருக்கா?"

லாரி இருந்தது, டீசல்தான் இல்லை. ரயில் வந்த வழியே பின்னால்தான் போகும், நகரம் எதிர்ப்பக்கம். எல்லோரும் எல்லோரையும் பார்த்துவிட்டு, கடைசியில் மரினேரோவைப் பார்த்தார்கள்.

வண்டியில் கிளாவெலை ஏற்ற ஊரே கை கொடுத்தது. சட்டியோடு வந்தவர்கள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, தங்கள் சட்டிக்கு வரவேண்டியதைத் தாங்களே தூக்கி வண்டியில் வைத்தார்கள். வைக்கும்போது வாய்விட்டுத் திட்டினார்கள், யாரை என்று சொல்லாமல். மரினேரோவை நுகத்தில் கட்டினால் அது நகரவில்லை. வலப்பக்கம் காலியாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டான், கெஞ்சினான். காலை ஊன்றிக்கொண்டு நின்றது. கடைசியில் ஆர்ஹேலியோ நுகத்தின் வலது முனையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, அதன் கழுத்தோடு கழுத்தாக நின்று ஓரடி வைத்தான். மரினேரோவும் வைத்தது. பின்னாலிருந்து ஒஸ்மானியும் ஃபெர்மினும் வண்டியைத் தள்ளினார்கள்.

சாலை நெடுக ஆட்கள் நின்று பார்த்தார்கள். எனெய்தா அவன் பக்கத்தில் நடந்து வந்தாள். கொஞ்ச தூரம் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என்கிட்ட மட்டும் சொல்லுய்யா. கறிக்காகவா?"

"இல்ல."

"கறிக்காகன்னா நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். ஊரே பண்ணுது. தம்பி வந்திருக்கானேன்னு பண்ணியா?"

"இல்ல எனெய்தா."

"அப்ப ஏன்? நீ மாட்டைவிட்டுப் பிரிய மாட்டியே." அவள் யோசித்தாள். "திருடனுக்குப் பயந்துதானே? அதைச் சொல்லு அவங்ககிட்ட. தப்பிச்சுக்குவே."

"எந்தத் திருடன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லேன். யாரோ ஒருத்தன் பேரு."

அவன் தோள் வலித்தது. அதைச் சாக்காக வைத்துப் பேசாமல் நடந்தான்.

ஸ்டேஷனில் கிந்தானா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எனெய்தா வாசல் நிலையில் நின்றாள். ஒஸ்மானி வெளியே மரினேரோவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"புல்லுக் கதை வேணாம் தோழர். நீங்க அந்த மாட்டை வீட்டுக்குள்ள படுக்கவெச்சவருன்னு உங்க தலைவி சொல்றாங்க. அப்படிப்பட்ட ஆளு அங்க கொண்டுபோய்க் கட்டினா, ஒண்ணு கறிக்கு, இல்ல யாருக்கோ பயந்து. கறிக்குன்னா உள்ள போகணும். பயந்துன்னா, யாருக்கு? பேரு வேணும். அந்த மச்சானா?"

வெளியே ஒஸ்மானி எருதோடு ஏதோ பேசுவது கேட்டது.

"எல்லாருக்கும்" என்றான் ஆர்ஹேலியோ.

"எல்லாருக்கும்னு பேரு கிடையாது."

"அப்ப எழுதிக்கங்க. ஃபெர்மின், அவன் கண்ணு நல்ல கண்ணு இல்ல. மாட்டு டாக்டர், ஊசி போட வந்தா தொடையை அமுக்கிப் பாக்குறாரு. தொமாசா, கூட்டம் கூட்டம்னு என்னை வீட்டைவிட்டு ஏன் கிளப்பணும்? அந்த எறும்பு அம்மா. பாதிரியார். ஆமா, மச்சானும்தான், மத்தவங்களை மாதிரியே. நீங்களும் கறி முழுசா வேணும், யாரும் கை வெக்கக் கூடாதுன்னீங்க, உங்களையும் சேத்துக்கங்க." கிந்தானாவின் வாய் கோணியது. அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஒரே ஒரு பெயர் தனியாக நின்றுவிடும். "என் பெஞ்சாதி. போன மாசம் ஒரு ராத்திரி கத்தியோட சமையலறையிலேருந்து வந்து கிளாவெல் பக்கத்துல நின்னா. கொய்யா நறுக்கிக்கிட்டிருந்தேன், சத்தம் கேட்டுச்சுன்னு வந்தேன்னா. விடியிற வரைக்கும் நான் தூங்கல. தூங்குற மாதிரி கிடந்தேன்."

கிந்தானா வெடித்துச் சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். இத்தனை வருட வேலையில் தன்னையே குற்றவாளியாகச் சேர்க்கச் சொன்னவனை அவர் பார்த்ததில்லை. "போய்யா, ஊரையே புடிச்சு உள்ள போட எங்ககிட்ட ஜெயிலும் இல்ல, போட சோறும் இல்ல. விபத்துதான் இது. பொய் சொல்றவன் இவ்வளவு பேரைச் சொல்ல மாட்டான்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா இனிமே உங்க கையில மாடு கிடையாது. மிச்சம் இருக்கிறது ஃபெர்மின்கிட்டப் போகட்டும். தலைவி சொல்லிட்டாங்க" என்றார்.

ஃபெர்மின் மரினேரோவை ஓட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டான். புதிய எஜமானின் குரலுக்கு அது மூன்று தடவை நின்று நின்றுதான் போயிற்று. ஒஸ்மானி காலிச் சாக்குகளோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்சம் முன்னால் நடந்தான். அத்தான் ஜெயிலுக்குப் போகவில்லை என்ற சந்தோஷத்தில் சீட்டியடித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

எனெய்தா ஊர் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் கேட்டாள்.

"பேருக்குச் சொன்னியா, இல்ல நிஜமாவே நானுமா?"

பேருக்குத்தான் என்று சொல்லிவிடலாம். சின்னப் பொய், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவன் அன்றைக்குச் சொல்ல வேண்டிய பொய்களையும் உண்மைகளையும் சொல்லிக் களைத்துப் போயிருந்தான்.

"நீயும்தான்" என்றான்.

அவள் நின்றாள். அவன் முகத்தைப் புதிதாகப் பார்ப்பவள் மாதிரிப் பார்த்தாள்.

"ராத்திரி ராத்திரி முழிச்சுக் கிடந்தியே, நானும் பாவம்னு உன் காலைப் புடிச்சு விட்டேனே. மாட்டுக்குத்தான் காவல் கிடக்கிறேன்னு நினைச்சேன். என்கிட்டேருந்தாய்யா காவல் கிடந்தே?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் எட்டி நடந்து தம்பியைப் பிடித்துவிட்டாள். சைக்கிளின் அந்தப் பக்கம் கை வைத்து அவனோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு போனாள். ஆர்ஹேலியோ பின்னால் தனியாக வந்தான். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.